சங்கு ஊதிய பிறகு

கடவுளுக்குக் கம்பெனிச் சங்கில் குரல் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில், கப்பலூரில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த போல்ட் நட்டு கம்பெனியில் அவர் டைம் ஆபீஸ் கிளார்க். எல்லோருக்கும் அவர் சிம்பொனி சார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பதிவேடும் அவரிடமே இருந்தது.

திருநகரிலிருந்து வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர், ஒருநாள் தானே ஒரு சிம்பொனி எழுதிக்கொண்டுபோய்ப் போதகரிடம் நீட்டினார். நாற்பது குரல். வாத்தியம் கிடையாது, வார்த்தையும் கிடையாது. வெறும் ஆ, ஓ, ம். கர்த்தர் பெயரே வராத பாட்டைச் சர்ச்சில் எப்படிப் பாடுவது என்று போதகர் கேட்டார். "இருட்டுல ஆத்தாளத் தேடுற பிள்ள பேர் சொல்லியா கூப்பிடுது?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அடுத்த வாரம் அந்த நோட்டு கம்பெனிக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை கடைசி அரைமணி மெஷின் துடைக்கும் நேரம். மோட்டார் எல்லாம் நின்றிருக்கும். துடைத்துக்கொண்டே பாடலாம் என்று மேனேஜரிடம் அனுமதி வாங்கிவிட்டார். லேத்துக்காரர்கள் ஆ, பிரஸ் ஷாப் ஓ. மேலூரிலிருந்து வரும் சின்னாண்டிக்கு மட்டும் தனியாக ம். அவர் அதை இழுத்தால் டைப்ரைட்டர் மேல் இருக்கும் என் விரல் கூசும். முதலில் சிரித்தேன். பிறகு சனிக்கிழமைகளில் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, இந்த மனுஷன் எதைத் தேடுகிறார் என்று வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தேன்.

சார் விளக்கினார். முதல் மூன்று பாகமும் மனிதர்கள் கடவுளைக் கூப்பிடுவது. நாலரைக்கு ஊதும் சங்கு, கடவுள் சொல்லும் பதில். நாலாவது பாகம் அதற்கப்புறம்: பதில் கேட்டவர்கள் ஒரே ஒரு நிமிடம், மெல்ல, எல்லோரும் சேர்ந்து ம் சொல்லவேண்டும். அதை ஒருமுறையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அங்கேதான் வம்பு. சங்கு ஊதியதும் ஆ, ஓ எல்லாம் கை கழுவும் தொட்டிக்கு ஓடிவிடும். நாலு நாற்பது டவுன் பஸ்ஸை விட்டால் சின்னாண்டிக்கு மேலூர் பஸ் கிடைக்காது. "நில்லுங்கய்யா, இன்னும் முடியல" என்று காலி ஷெட்டில் சார் கையைத் தூக்கியபடி நிற்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார். "கூப்பிடுறப்ப அம்புட்டுப் பேரும் இருக்கீக. பதில் சொன்ன ஒடனே பஸ்ஸுக்கு ஓடுறீகளேய்யா."

"நாங்க எங்க சார் ஓடுறோம், காலுல்ல ஓடுது" என்றார் சின்னாண்டி, உண்மையான வருத்தத்தோடு.

ஆயுத பூஜையன்று முதலாளி முன்னால் அரங்கேற்றம். இந்தத் தடவை அசையமாட்டோம் என்று சந்தனம் பூசிய லேத்தின் மேல் கைவைத்து எல்லோரும் சத்தியம் செய்தார்கள். சங்கு ஊதியது. நாற்பது பேரும் பொரிப் பொட்டலத்தோடு கேட்டில் நின்றார்கள். முதலாளி கைதட்டி, முடிந்துவிட்டதா என்று கேட்டார். தூக்கிய கையை இறக்காமல், இன்னும் கொஞ்சம் இருக்குங்க என்றார் சார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சில வருஷம் கழித்து அவர் ரிட்டயர் ஆனார். முதல் மூன்று பாகத்தையும் எத்தனையோ சனிக்கிழமை கேட்டுவிட்டார், பாக்கி நாலாவதுதான். அதற்கு ஒரு மாதமாக டீ நேரத்தில் அவருக்குத் தெரியாமல் பழகியிருந்தோம். நானும் ஒரு ம். கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை, பாட்டு இல்லாத நாள். நாலரைக்குச் சங்கு ஊதியது. ஒருவரும் அசையவில்லை.

அசைந்தவர் சார்தான். அத்தனை வருஷப் பழக்கம். பதிவேட்டை மூடினார், டைம் ஆபீஸைப் பூட்டினார், டிபன் கேரியரோடு விறுவிறுவென்று கேட்டைப் பார்த்து நடந்தார். இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

சின்னாண்டிதான் குரல் கொடுத்தார். "சார், நில்லுங்க. இன்னும் முடியல."

திரும்பினார். சின்னாண்டி ம் என்று தொடங்க, நாங்கள் சேர்ந்துகொண்டோம். சார் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

நோட்டில் ஒரு நிமிடம் என்றுதான் எழுதியிருந்தது. டவுன் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. அவர் கையை இறக்கவில்லை. இறக்கினால் அவர் போய்விடுவார் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் மாற்றி மாற்றி மூச்சு வாங்கிக்கொண்டு, நாங்களும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தோம்.