எனக்கு ஒப்பாரி வைத்த பின்லாந்துக்காரர்

பெண் வீட்டார் முன்னால் பெருமையடிக்க நினைப்பவன் காப்பியும் பணியாரமும் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் துரையைக் கூட்டி வந்தேன். (புத்தி மேயப் போயிருந்தது.)

சாந்தன்பாறைப் பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்தில் இஞ்சின் பார்க்க வந்திருந்த துரை, பின்லாந்துக்காரர். அவருக்குக் கீழே எண்ணெய் துடைக்கிற வேலை எனக்கு. பெண் வீட்டாரிடம் 'இஞ்சின் மாஸ்டர்' என்று சொல்லி வைத்திருந்தோம். அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போடியிலிருந்து மலை மெட்டு ஏறி வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் நான் சாமியார்தான் என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

வருகிறவர்கள் முன்னால் வாசிக்க நான் கூப்பிட்டதும் துரை அக்கார்டியனைத் தூக்கினார். அதில் அவர் போல்கா வாசித்தால் கூலிக்காரர் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும்.

"அது துள்ளல் பாட்டு துரை. மரியாதைப்பட்ட ஆளுங்க வாராக. ஒங்க ஊர்ல கல்யாணத்துக்குன்னு பழைய பாட்டு இருக்கும்லா?" என்றேன்.

"இருக்கு! அம்மா ஊர்ப் பாட்டு. ரொம்பப் பழசு," என்று முகம் மலர்ந்து கந்தெலேயையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். மடியில் வைத்து விரலால் மீட்டுகிற தந்திப் பெட்டி அது.

பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்து உட்கார்ந்ததும் துரை கண்ணை மூடினார். மீட்டினார். பிறகு விம்மி, விசும்பி, மூச்சை இழுத்து இழுத்து ஓர் அழுகை! அவர் அம்மா ஊரில் கல்யாணப் பெண் பிறந்த வீட்டைப் பிரியும்போது இப்படி அழுது பாடாவிட்டால்தான் குறையாம். (இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

நான் அவர் தோளைத் தொடுவதற்குள் காரியம் கெட்டது. போடியில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் பெண்ணின் அத்தையுடையது. பழக்கதோஷம்! மாரில் கையை வைத்து, "பத்தரமாத்துத் தங்கமே, பாதியில போனீயளே!" என்று எடுத்துவிட்டார். துரைக்குப் பரம சந்தோஷம். இன்னும் சுருதி கூட்டி அழுதார்.

லயத்துப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி என் பெயரைச் சொல்லியே அழுதாள். நான் அவளுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டினேன்.

"எய்யா, நீ சாகலையா?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பெண்ணின் அப்பா துண்டை உதறி எழுந்தார். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல எழவுப் பாட்டா? கெளம்புங்க!"

அம்மாவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. எனக்கும்தான்.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, "உக்காருங்கண்ணே. உசுரோட இருக்கவனைச் செத்தான்னு அழுதா ஆயுசு கூடும்பாக. நம்ம புள்ள தாலிக்கு இதைவிடக் கெட்டி எங்க கெடைக்கும்?" என்றார்.

பெண்ணின் அப்பா யோசித்தார். உட்கார்ந்தார். துரை அக்கார்டியனை எடுத்தார். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை.

இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் என்றால் என் மனைவி வைத்தியரைத் தேடுவதில்லை. "ஒங்களுக்குத்தான் ரெண்டு தேசத்துக்காரக சேர்ந்து அப்பவே அழுது முடிச்சாச்சே, எந்திரிச்சுக் கஞ்சியக் குடிங்க" என்கிறாள்.