அமரர் நினைவு மத்திய பேருந்து நிலையமும் அக்காவின் மாப்பிள்ளையும்

படித்தவர்களால் இந்த உலகத்துக்கு வரும் தொல்லைகளில் பாதி, அவர்கள் வழி சொல்லப் போவதால் வருகிறது. படிக்காதவர் வழி சொன்னால், "அந்தா, தண்ணி டேங்கிக்குக் கீழ திரும்புங்க" என்பதோடு முடிந்துவிடும். படித்தவர் சொன்ன வழியில் போனால் நீங்கள் பொலிஸ் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். என் அத்தான் அப்படித்தான் உட்கார்ந்தார். வழி சொன்னவள் நான்.

கண்டிக்கு அப்பால் கலஹாப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடத்துக்கு மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. (அப்பா ஒருமுறை ஒதுங்கப் போயிருக்கிறார். வாச்சர் விரட்டிவிட்டாராம்.) நான் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியதும் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் என் நடையே மாறிவிட்டது. "தண்ணீர்" என்றுதான் கேட்பேன். "தண்ணி" என்று கேட்டால் விக்கல் நிற்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. சின்ன வயதிலேயே கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தவள். எனக்குக் கொப்பி வாங்கித் தந்த அவளுக்கு அந்தக் கொப்பியின் அட்டையில் இருந்த பெயரை வாசிக்கத் தெரியாது.

இந்தத் திமிருக்கு நடுவில் எனக்கு ஒரு கட்டுரைப் போட்டியில் பரிசு வேறு கிடைத்துத் தொலைத்தது. தலைப்பு: பொது இடங்களுக்குப் பெயர் சூட்டுவது எப்படி? பதினொரு பக்கம் எழுதினேன். அதில் பாதி கண்டியின் பெரிய பஸ் நிலையத்தைப் பற்றியது. ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் அதை ஊரே குட்செட் என்றுதான் சொல்லும். "சாமான் இறக்கும் கொட்டகையின் பெயரையா மனிதர்கள் ஏறி இறங்கும் இடத்துக்கு வைப்பது? நாம் என்ன மூட்டைகளா?" என்று கேட்டிருந்தேன். மேடையில் வாசித்தபோது ஆசிரியர்கள் கை தட்டினார்கள். (அந்தக் காலத்து கலஹா பஸ்ஸில் எங்களை எப்படி அடுக்கினார்கள் என்பதை யோசித்திருந்தால், அந்தப் பெயரைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று புரிந்திருக்கும்.) நிலையங்களுக்குப் பெரிய மனிதர்களின் பெயர் வேண்டும், அந்தப் பெயர் நாலு சொல்லுக்குக் குறையக் கூடாது என்பது என் முடிவு.

பரிசு வாங்கிய சில மாதத்தில் பத்திரிகையின் மூலையில் ஒரு செய்தி. குட்செட்டுக்கு, செத்துப்போன ஒரு மந்திரியின் பெயரைச் சூட்டிக் கல்வெட்டுத் திறந்துவிட்டார்களாம். அமரர் இன்னார் நினைவு மத்திய பேருந்து நிலையம். இன்னார் யாரென்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. நடந்த கூத்துக்கே அதுதான் காரணம். நானோ என் கட்டுரையை வாசித்துவிட்டுத்தான் அரசாங்கம் திருந்திவிட்டதென்று அந்தச் செய்தியை வெட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மாத்தளைப் பக்கமிருந்து அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சுவர் கட்டிப் பூசும் மேசன் வேலை. அக்காவுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று தட்டிப்போனவை. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன் பெண் பார்த்துவிட வேண்டும், அதற்குமேல் எமகண்டம் என்று கோயில் பூசாரி சொல்லிவிட்டார். வரும் வழியை எழுதி அனுப்பும் பொறுப்பு, வேறு யாருக்கு, எனக்கு.

"குட்செட்டுக்கு வாங்க, நாங்க நிக்கிறோம்னு ரெண்டு வரி போட்டு அனுப்பு புள்ள" என்றார் அப்பா.

"அப்படி ஓர் இடமே இப்போது இல்லை அப்பா. பெயரை மாற்றியாகிவிட்டது."

"யாரு மாத்துனா?"

"அரசாங்கம்."

அக்கா அரிசி புடைத்தபடியே சொன்னாள்: "கவர்மென்டு மாத்தட்டும். கொண்டக்டர் மாத்திட்டானா?"

படிக்காத பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நான் பேனையைத் திறந்தேன். நாலு பக்கக் கடிதம். அமரர் இன்னார் நினைவு மத்திய பேருந்து நிலையத்தின் பிரதான வாயிலில் காலை ஒன்பது மணிக்குத் தங்களை வரவேற்போம். அதோடு விட்டேனா? கீழே ஒரு குறிப்பு: "வழியில் எவரேனும் குட்செட் என்று கூறினால் அது பாமர வழக்கு. அதை நம்பி ஏமாற வேண்டாம்." அதற்கும் கீழே, புவியியலில் திறமைச் சித்தி பெற்றவள் அல்லவா, ஒரு வரைபடம். தெருக்கள், மணிக்கூட்டுக் கோபுரம், நுழையும் வழி, வெளியேறும் வழி, அளவுத்திட்டம். சந்திக்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு பெரிய பெருக்கல் குறி.

இங்கே ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். அது சண்டைக் காலம். எந்தப் பஸ்ஸில் எந்தப் பை வெடிக்கும் என்று நாடே பயந்துகொண்டிருந்தது. கண்டியில் நாலு தமிழர் சேர்ந்து நின்று கடலை வாங்கினாலே அடையாள அட்டை கேட்பார்கள். கலவரத்தில் லயம் எரிந்ததைப் பார்த்தவர் அப்பா. டவுனுக்கு வரும்போது தமிழை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட காலத்தில், பஸ் நிலையத்தின் படத்தை வரைந்து, தப்பும் வழியைக் காட்டி, சிவப்புக் குறியும் போட்டு, ஆறு தமிழர் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். திறமைச் சித்தி!

ஞாயிறு காலை நானும் அப்பாவும் குட்செட்டில் நின்றோம். ஒன்பது ஆனது. பத்து ஆனது. மாத்தளைப் பஸ்ஸில் வருகிறவர்கள் சந்தைப் பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். பத்து நிமிஷ நடை. பதினொன்று ஆனது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் கலஹா பஸ்ஸுக்கு நேரம் குறிக்கும் டைம்கீப்பர் எங்களிடம் வந்தார். தெல்தோட்டைப் பக்கத்து முஸ்லிம் மனிதர்.

"தங்கச்சி, நீங்க யாருக்கும் காத்து நிக்கிறீங்களா? இல்லாத எடத்தத் தேடி ஒரு கூட்டம் வந்து, மணிக்கூண்டுப் பக்கம் பொலிஸ் புடிச்சு வச்சிருக்காம். மேப்பும் கையிலயாம்."

அவர் சொல்லி முடிக்குமுன்பே அப்பா மணிக்கூண்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

பிறகு தெரிந்துகொண்டது இது. மாப்பிள்ளையின் பெரியப்பாதான் கூட்டத்துக்குத் தலைவர். எழுத்தென்றால் சாமி அவருக்கு. என் கடிதத்தை மஞ்சள் பையில் வைத்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அமரர் இன்னார் நினைவு மத்திய பேருந்து நிலையம் எது என்று கேட்டிருக்கிறார். பழக்கடைக்காரர், லொத்தர் சீட்டு விற்கிறவர், இரண்டு கொண்டக்டர்கள், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: "குட்செட்டா?" அவரும் ஒவ்வொருவரிடமும் விறைப்பாகச் சொல்லியிருக்கிறார்: "இல்லீங்க. குட்செட் இல்ல. அத நம்பவேணாம்னு எழுதியிருக்கு." இப்படியே மணிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தவர்களை மூன்றாவது சுற்றிலேயே பொலிஸ்காரர் கவனித்துவிட்டார்.

நாங்கள் போனபோது காவலரணுக்குள் பெஞ்சில் வரிசையாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் மடியில் வெற்றிலைத் தட்டு. அவருடைய அம்மா வாழைப்பழச் சீப்பைக் குழந்தையைப் போல அணைத்திருந்தார். மேசையில் என் வரைபடம். அதிகாரி அதைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கீறியது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பொண்ணோட தங்கச்சிங்க. படிச்ச புள்ள" என்றார் பெரியப்பா. அதை ஒரு முப்பது தடவை சொல்லியிருப்பார் போல, குரல் கம்மியிருந்தது.

"நான்தான்" என்றேன் வாசலிலிருந்து. அந்த நிலைமையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இந்த இடம் எங்கே நங்கி?" தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

"இங்கேதான் சேர். பக்கத்தில் இருக்கும் பஸ் நிலையம்."

"அது குட்செட். நான் இங்கே இரண்டு வருஷமாக டியூட்டி."

"பெயர் மாறிவிட்டது சேர். கல்வெட்டு இருக்கிறது."

"காட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கல்வெட்டை நான் பார்த்ததே இல்லை. பேப்பரில் வாசித்ததோடு சரி.

புறப்பட்டோம். முன்னால் நான், பின்னால் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டும் வாழைப்பழமுமாக மாப்பிள்ளை வீட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இவ்வளவு பாதுகாப்போடு ஊர்வலம் நடந்ததில்லை. பஸ் ஜன்னல்களிலெல்லாம் தலைகள். பிரதான வாயிலில் கல்வெட்டு இல்லை. டிக்கட் அறைச் சுவரில் இல்லை. கக்கூஸ் பக்கமும் தேடினோம். "இல்ல போலிருக்கே" என்று அப்பா முணுமுணுத்தார். அதிகாரியின் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. இல்லையென்றால் அந்த ஆறு பேரும் இன்று வீட்டுக்குப் போகமாட்டார்கள், என்றைக்குப் போவார்கள் என்பதும் தெரியாது. அக்கா காலையிலிருந்து சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நின்றது மாப்பிள்ளைதான். ஒரு மூலையில் அன்னாசிக்காரர் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார். மேலே அவர் துவைத்துப் போட்ட இடுப்புச் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தட்டைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சுவரைத் தடவினார்.

"இந்த எடத்துல பூச்சு புதுசு" என்றார்.

பெட்டிகளை நகர்த்தினார்கள். சாரத்தை விலக்கினார்கள். மூன்று மொழியில் பளிங்குக் கல். அமரர் இன்னார் நினைவு மத்திய பேருந்து நிலையம். அமரர் பெயரின் மேல் அன்னாசிச் சாறு வழிந்திருந்தது. அதிகாரி வாசித்தார். டைம்கீப்பர் வாசித்தார். அன்னாசிக்காரர் தானும் எட்டி வாசித்துவிட்டு, "அட" என்றார்.

அதிகாரி கடிதத்தை என்னிடம் தந்தார். வரைபடத்தைத் தரவில்லை. நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "இனிமேல் குட்செட் என்று எழுது, நங்கி. ஆறு பேருக்கும் நல்லது." அதட்டவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

மணி பன்னிரண்டரை. மாப்பிள்ளையின் அம்மா அந்த மூலையிலேயே கல்லைப் போல நின்றார். "எமகண்டத்துல ஒரு பொண்ணு பார்க்கப் போறதா? வேணாம். திரும்பிப் போயிருவோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ புள்ள, ஒன் அக்காவும் ஒன்னைய மாதிரி படிச்சவளா?"

மூன்றாவது சம்பந்தமும் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பொய் சொல்லலாம். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் அன்று காலையிலிருந்து என் பேச்சை நம்பிய எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்லீங்கம்மா" என்றேன், உயர்தரம் பாஸ் பண்ணிய பிறகு முதல் தடவையாக லயத்துத் தமிழில். "அக்கா ஸ்கூல் பக்கமே போனதில்ல. எழுதப் படிக்கத் தெரியாது."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சரி. பஸ் எங்க நிக்குது?"

எமகண்டம் முழுவதையும் பஸ்ஸில் மூட்டைகளோடு மூட்டைகளாகக் கழித்தோம். இரண்டு மணிக்குப் பெண் பார்த்தார்கள். ஆவணி பிறந்ததும் கல்யாணம். அக்காவுக்காக நான் மூன்று வருஷம் விரதம் இருந்திருக்கிறேன். அவளைக் கரையேற்றியது என்னைப் போல இல்லை என்ற அவளுடைய ஒரே தகுதி. இதை எழுதும்போதும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

அந்த நிலையத்தை இன்றுவரை யாரும் அமரர் பெயரால் அழைத்ததில்லை. ஆனால் அன்று ஜன்னலில் தலை நீட்டிப் பார்த்த தோட்டத்து ஆட்கள், அந்த அன்னாசி மூலைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: மாப்பிள்ளை மூலை. கண்டிக்கு வந்தால் "மாப்பிள்ளை மூலையில நில்லுங்க" என்றுதான் சொல்வார்கள். பலகை இல்லை, கல் இல்லை, மந்திரி இல்லை. இதுவரை யாரும் வழி தவறியதும் இல்லை.

போன மாதம் அங்கே பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் தன் தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: "கண்டி ராசா பொண்ணு பார்க்கப் போறப்ப படையோட வந்து நின்ன எடமாம்டி. அதான் இந்தப் பேரு. எங்க டீச்சர் சொன்னாங்க."

வாயைத் திறந்தேன். திருத்துவதற்குப் பதினொரு பக்கம் தயாராக இருந்தது. மூடிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதிலிருந்து அத்தானைத் தாங்க முடியவில்லை. காலைத் தேநீரைக்கூட ராஜ தோரணையில்தான் கேட்கிறார். அக்கா மட்டும் கோப்பையை அவர் முன்னால் டொக்கென்று வைத்து, "அந்த டீச்சர்கிட்டப் போயி, ராசா மடியில தட்ட வச்சிக்கிட்டு நடுங்குனதையும் சேத்து எழுதச் சொல்லு புள்ள" என்கிறாள்.