கார்புரேட்டருக்கு ஒரு மச்சம்

கார்புரேட்டரைக் கழற்றி மாட்டத் தெரியாதவனுக்கு மோட்டார் சைக்கிள்மேல் உட்காரும் உரிமையே கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நூலகர் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் அப்போது தன் ஸ்கூட்டரை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வண்டியை மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போறதும், பெத்த பிள்ளைக்குச் சோறூட்டப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடறதும் ஒண்ணுதான் சார். என் வண்டிக்கும் என் பொண்ணுக்கும் ஒரே வயசு, இருபத்திரண்டு. இன்னி வரைக்கும் வண்டி மேல இன்னொருத்தன் ஸ்பேனர் பட்டதில்ல."

"குடுத்து வெச்ச வண்டி சார்," என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு அவர் தள்ளினார்.

நூலகரின் வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் லேசாகத் திக்கியது, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு மகள் தன் முதல் வேலையில் சேர வேண்டும். "நீங்கதான்ப்பா கொண்டுபோய் விடணும்" என்று அவளே கேட்டிருந்தாள். தனியாக பஸ் ஏறத் தெரிந்த நாளிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை. மகளின் முதல் நாளில் வண்டி திக்கலாமா?

ஸ்பேனர் சத்தம் கேட்டு மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"இன்னிக்கு வேண்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கழட்டுங்க. வேணும்னா ரெண்டு தடவை கழட்டுங்க."

"எதுக்கு இப்படிப் பதறறே?"

"நீங்க கழட்டினா அதுக்கு ஒரு நாள் ஓய்வு வேணுமே!"

அது உண்மை. சுத்தம் செய்த கார்புரேட்டர் அன்றைக்கு வேலை செய்யாது. அப்படியே விட்டுவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் நூலகம் போய்த் திரும்பினால், சாயங்காலம் ஒரே உதையில் கிளம்பும். பல வருட ஆராய்ச்சியில் அவரே கண்டுபிடித்த விதி. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவர் தேடிப் பார்த்திருக்கிறார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு இன்னும் இருபத்து மூணு மணி நேரம் இருக்கு. அதுக்குத் தாராளமாப் போதும்."

கார்புரேட்டர் வெளியே வந்தது. பக்கவாட்டில் ஒரு நீளக் கீறல். வண்டி வாங்கிய வாரம் ஸ்க்ரூடிரைவர் வழுக்கியதில் விழுந்தது. அவர் அதை மச்சம் என்பார். ஆயிரம் கார்புரேட்டருக்கு நடுவில் போட்டாலும் மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாராம்.

அடிமூடியின் ரப்பர் வளையத்தைப் பெட்ரோலில் ஊறப்போட்டார். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டின் துளைக்குள் ஏதோ தூசி தெரிந்தது. ஊக்கை விட்டுக் குடைந்தார். தூசி போயிற்று, துளை பெரிதாயிற்று. ஊறிய வளையம் அதைவிடப் பெரிதாயிற்று. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அப்படியே வைத்துத் திருகி மாட்டினார். வண்டி கறுப்பாகப் புகைந்து, இருமி, அடங்கியது. கீழே பெட்ரோல் சொட்டியது.

உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொல்லிப் புது ஜெட்டும் வளையமும் வாங்கி வந்தார். இரண்டும் சேரவில்லை. கார்புரேட்டரையே துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி போனார்.

கடைக்காரர் அழுக்கைத் துடைத்து, அதில் பொறித்திருந்த நம்பரைப் படித்தார். "சார், இது உங்க வண்டியோடது இல்ல. வேற மாடல்."

"மச்சத்தைப் பாருங்க."

"மச்சம் இருக்கு சார். நம்பர் வேற."

"நம்பரைத் தப்பா அடிச்சிருப்பான். நான் நூலகர்யா, எத்தனை தப்பு நம்பர் பார்த்திருப்பேன்!"

ஆக, தவறு தொழிற்சாலையுடையது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து, சேராத ஜெட்டைச் சேரும்வரை திருகினார். 'கிரக்' என்றது. அதற்குப் பிறகு ஜெட் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

மணி ஐந்து. புதுச் செருப்பைப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பரவால்லப்பா. நான் பஸ்லயே போய்க்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

பத்தாவது நிமிடம், கார்புரேட்டரை மடித்த துணிக்குள் வைத்துக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாக நூலகர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். முனையில், சரியாகிவிட்ட ஸ்கூட்டரில் பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார்.

"என்ன சார், வாக்கிங்கா?"

"ஆமா. தனியாப் போனா போரடிக்குது."

மெக்கானிக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நூலகர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கு என்னைத் தெரியாது. இந்த வண்டியை இதுவரைக்கும் யார்கிட்டயும்..."

மெக்கானிக் அவரைப் பார்க்கவேயில்லை. வண்டியைப் பார்த்துத்தான், பழைய சிநேகிதனிடம் போலச் சிரித்தார்.

"வாங்க சார்! அக்கா மத்தியானமே ஃபோன் பண்ணிட்டாங்க. பாப்பா வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள ரெடியாயிடும். எப்பவும் திங்கக்கிழமை அவங்கதானே தள்ளிட்டு வருவாங்க, இன்னிக்கு என்ன நீங்க?"

நூலகர் துணிப் பொட்டலத்தை நீட்டினார். மெக்கானிக் துணியைப் பிரித்து, கார்புரேட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"இதையும் மாத்தித்தான் ஆகணும். ஆனா கீறலை மட்டும் இந்தத் தடவை நீங்களே போட்டுக்குங்க சார். போன தடவை அக்கா பக்கத்துல நின்னு அளவு சொல்லச் சொல்ல, எனக்கு அரை நாள் ஆச்சு!"