மருமகள் எழுதிய கிழவன்

“கிழவனை முதியோர் ஹோம்ல தள்ளிட்டா அந்த ரூம் நமக்கு ஆகும்.”

மருமகளின் அறைக் கதவில் காதை வைத்திருந்த மாமனாருக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே வேறு ஆளில்லை. போனும் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. தனியாக உட்கார்ந்து திட்டம் போடுகிறாள்!

லாரி மெக்கானிக்காக முதுகொடிய உழைத்து அவர் கட்டிய வீடு. மருமகள் இங்கிலீஷில் நாவல் எழுதுகிறவள். பேப்பரில் படமெல்லாம் போடுகிறார்கள். என்ன எழுதுகிறாள் என்று வீட்டில் யாரும் படித்துப் பார்த்ததில்லை. லாரியின் பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்க விடாத டிரைவரைப் பெரியவர் ஒருநாளும் நம்பியதில்லை.

அன்றே கடைக்குப் போய்ப் பெரிய பூட்டாக வாங்கித் தன் அறைக்கு மாட்டினார்.

மறுநாள் கதவுக்குப் பின்னால் அதே குரல்: “பூட்டு போட்டுட்டான் பாரு! உள்ள என்ன புதையலா இருக்கு?”

பெரியவர் வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினார். தெருமுனை ஹோட்டலில், கல்லாக்காரர் காதில் விழும்படி, “மருமக கையால தின்னா உசிரு தங்காதுங்க” என்றார். தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அதற்கு மறுநாள் குரல் இன்னும் ஏறியிருந்தது. “ஹோட்டல்ல தின்னு நம்ம மானத்தை வாங்குறான். இந்த மாசமே கொண்டுபோய் விட்டுடணும்!”

பெரியவர் நேரே மகனின் ஆபீசுக்குப் போய் எல்லார் முன்னாலும் கத்தினார். மகன் அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

“மெதுவாப்பா! நான் இருக்கிற வரைக்கும் உங்களை யாரு அனுப்ப முடியும்?”

“அப்ப வந்து கேளுடா அவளை!”

“நான் தனியா கேட்டுக்கறேன்ப்பா.”

“தனியா என்ன தனியா? என் முன்னாடி கேளு!”

கையோடு இழுத்துவந்தார். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரம்மா வழிவிட்டாள். பெரியவர் கதவைத் தள்ளினார். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

“யாரை ஹோமுக்கு அனுப்பப் போற?”

“ஐயோ மாமா, அது நாவல்! என் கதையில வர்றவங்க தமிழ்க்காரங்க. முதல்ல தமிழ்ல வாய்விட்டுப் பேசிப் பாத்துட்டுத்தான் இங்கிலீஷ்ல எழுதுவேன். இல்லன்னா வெள்ளைக்காரன் பேசற மாதிரி ஆயிடும்.”

“பூட்டு?”

“அது... கதைக்குப் பொருத்தமா இருந்துச்சு.”

“என் பூட்டு, என் சோறு, என் வயசு! என்னைக் கேக்காம எடுத்து ஊருக்கெல்லாம் விப்பியா? கேளுடா இவளை!”

மகன் மின்விசிறியைப் பார்த்தான். “கதைதானேப்பா. விடுங்க.”

“எப்படிடா விடறது? பெத்தவனை வெளிய தள்ளுற பேச்சு இது. இவ்வளவு விஷம் ஒரு பொம்பள மண்டையில எங்கேருந்துடா வரும்?”

மருமகள் கணவனைப் பார்த்தாள்.

“பாத்தியா, உன் மூஞ்சியப் பாக்குறா! வளர்ப்பு அப்படி!”

அறை வாசற்படியில் நின்ற வேலைக்காரம்மாவுக்குத் தாங்கவில்லை. துணியைத் தரையில் போட்டாள்.

“சும்மா அவங்களையே திட்டாதீங்க பெரியவரே. அவங்க சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கல. உங்க மகன் அடுப்படியில வந்து சொல்றதைத்தான் அப்படியே எழுதுறாங்க.”