மேனேஜர் மீசைக்கு ஒரு மஃப்ளர்

தொழிற்சாலையின் பெரிய மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்ற செய்தியை ஸ்டோர்க்காரர் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். என்ன சமைப்பது என்று அவர் மனைவி கேட்கவில்லை. எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் கேட்கவில்லை.

"அவருக்கு மீசை எவ்வளவு நீளம்?" என்று கேட்டாள்.

ஸ்டோர்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடாமல் என்ன செய்வார்? மற்ற வீடுகளில் பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். இவள் பின்னுவது கிண்டல். அவளுடைய தம்பிக்கு மூக்கு முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான். அவனுக்கு ஒரு மூக்குறை பின்னிக் கொடுத்தாள், காதில் மாட்டிக்கொள்ள இரண்டு கயிற்றோடு. பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குச் சுற்றிலும் பல் வரிசை வைத்த குல்லா. அதில் ஒரு பல் சொத்தை. கைபேசியை விட்டு நிமிராத நாத்தனாருக்கு, அதை மூக்குக்கு நேரே தொங்கவிட்டுக்கொள்ள ஒரு பட்டை.

உறவுக்காரர்கள் முறைத்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டாலும் அவர்களால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மேனேஜர் சங்கதி அப்படி இல்லை. பம்ப் தொழிற்சாலையில் ஸ்டோர் தலைமை நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்காரப்போவது நட்டும் போல்ட்டும் எண்ணியே தலை வழுக்கையாகிப்போன நம்ம ஸ்டோர்க்காரரா, நேற்று வந்த கணக்குப் பிரிவுக்காரரா என்பதை அந்த மீசைதான் தீர்மானிக்கும். மீசை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். அது சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா, அவரு என் பிழைப்பைக் கையில வெச்சிருக்கிறவரு. அவர்கிட்ட விளையாடாதே."

"நான் எங்கங்க விளையாடறேன்? இந்தக் குளிர்ல பைக்ல வர்றாரு. கழுத்துக்கு மஃப்ளர் இருக்கு. மீசைக்கு என்ன இருக்கு?"

"மீசையே முடிதானே? அதுக்கு எதுக்கு இன்னொரு போர்வை?"

"தலையிலயும் முடிதான் இருக்கு. குல்லா போடறதில்லையா?"

"என் தலையில எங்க இருக்கு?"

"இருந்தப்பவும் போட்டீங்களே. சரி, மீசை என்ன கலரு?"

"கறுப்பு. பாட்டில்ல வர்ற கறுப்பு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக ஸ்டோர்க்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைவியிடம் வாதாடி ஜெயித்த வரலாறு அவர் பரம்பரையிலேயே கிடையாது. எனவே சதியில் இறங்கினார். திட்டம் சுலபமானது. அவள் பின்னப் பின்ன இவர் பிரிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது மஃப்ளர் முடிந்திருக்காது. அந்த இடத்தில் ஒரு நல்ல பேனாவை நீட்டிவிடலாம். பேனா யாரையும் கிண்டல் செய்யாது.

காலையில் அவள் மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனதும் பூனைபோல் கூடைப் பக்கம் போனார். ஊசியில் ஒரு சாண் அகலக் கறுப்புப் பட்டை தொங்கியது. ஊசியை உருவினார், நூலை இழுத்தார். கட்டுக்கதை கலைகிற மாதிரி வரிசை வரிசையாகக் கலைந்து வந்தது. ஆனந்தமாக இருந்தது. நூலைத் தரையில் அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. எதையும் எடுத்த இடத்தில் ஒழுங்காக வைத்தே பழகிய கை. நூல்பந்தில் சிக்கில்லாமல் இழுத்துச் சுற்றினார். மிச்சமிருந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியில் மாட்டினார். வேலை கச்சிதம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

சாயங்காலம் ஒன்றும் தெரியாதவர்போல் மஃப்ளர் எப்படிப் போகிறது என்று விசாரித்தார்.

"எவ்வளவு பின்னினாலும் வளரவே மாட்டேங்குதுங்க" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

கண்ணில் ஏதாவது கோளாறாக இருக்கும், டாக்டரிடம் காட்டலாம் என்று ரொம்ப அக்கறையாகச் சொன்னார் ஸ்டோர்க்காரர். அவளும் சரி என்று தலையாட்டினாள். பாவம், இந்த அப்பாவியைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் உறுத்தலாகக்கூட இருந்தது.

மறுநாள் கூடையைப் பார்த்தபோது உறுத்தல் ஓடிப்போயிற்று. நேற்றைவிட நீளமாக ஒரு பட்டை தொங்கியது. பிரித்தார். அதற்கு அடுத்த நாள் அதைவிட நீளம். இவளுக்கு என்ன கையா, மில்லா? விரல் சிவக்கச் சிவக்கப் பிரித்தார், சுற்றினார். ஆபீசில் பேனா பிடிக்கக் கை வரவில்லை. தூக்கத்தில்கூடக் கை நூல் சுற்றியது. ஆனாலும் விடவில்லை. வீரன் ஒருவன் கோட்டையைக் காப்பதுபோல் மேனேஜர் மீசையைத் தன்மானத்தோடு காத்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி வரிசை வரை உருவிவிட்டு, வெறும் ஊசியைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவருக்குத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது.

மேனேஜர் வந்தார். மீசையும் வந்தது. சாப்பாடு நல்லபடியாக நடந்தது. ஸ்டோர்க்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கப் போனார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது. பல் டாக்டரின் மனைவி வாசலில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிப்போனாள்.

பொட்டலத்துக்குள் கறுப்பு மஃப்ளர். முழு மஃப்ளர். அதன் நடுவில் இரண்டு பக்கமும் வளைந்து நிமிர்ந்த முறுக்கு மீசை ஒன்று, நிஜ மீசையை உள்ளே நுழைத்துக்கொள்ளப் பையோடு. ஸ்டோர்க்காரருக்கு நாற்காலி சுழன்றது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும், ஆபீசில் காலியாக இருந்த நாற்காலியும்.

மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்ல எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடி கேட்டார். கண்ணாடியில் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தொழிற்சாலையில் ஒருவரும் பார்த்திராத பற்கள் அன்றைக்கு அந்தக் கூடத்தில் வெளிப்பட்டன.

"பைக்ல வர்றப்போ பனி பட்டுப் பட்டு மீசை ஊறிப்போகும்மா. சாயம் வேற வழியும். யார்கிட்ட சொல்ல முடியும்? என் வீட்டுல இருக்கிறவங்களுக்கே இது தோணலை" என்றார்.

ஸ்டோர்க்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சரியாக உட்காருவதற்குள் மனைவி இன்னொரு பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். உங்களுக்குத்தான், பிரியுங்கள், பிரிப்பது உங்களுக்குப் பிடிக்குமே என்றாள். உள்ளே இரண்டு கம்பளி வளையங்கள், நடுவே பின்னிய சங்கிலி, பூட்டுக்குப் பதில் ஒரு பெரிய பொத்தான். கைவிலங்கு.

மேனேஜர் விஷயம் என்ன என்று கேட்டார். அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளாம். கண்ணிகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு தலைகீழாக மாட்டியிருந்தனவாம். நூல்பந்து கிரிக்கெட் பந்துபோல் கல்லாக இருந்ததாம். அன்றைக்கே மஃப்ளரைப் பல் டாக்டர் வீட்டுக்கு மாற்றிவிட்டாள். பரணில் ஒரு பழைய கறுப்புப் போர்வை கிடந்தது, பட்டை பட்டையாகப் பின்னித் தைத்தது. அதைப் பிரித்து நூலெடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, சோம்பலில் விட்டிருந்தாள். தினம் ஒரு பட்டையின் முனையை அவிழ்த்து ஊசியில் மாட்டித் தொங்கவிட்டாள்.

"இவ்வளவு சுத்தமா யாருங்க சார் சுத்திக் கொடுப்பாங்க? கூலிக்குக் கொடுத்தாலும் இப்படி வராது" என்றாள் பெருமையாக.

ஸ்டோர்க்காரர் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று பார்த்தார். தரை பிளக்கவில்லை. மேனேஜர் மீசையுறையைக் கழற்றாமலே அவர் தோளில் தட்டினார்.

"திருட்டுத்தனம் பண்றப்பக்கூட நூலைச் சிக்கில்லாம சுத்தி, எடுத்த இடத்துல வெச்ச மனுஷன். ஸ்டோருக்கு இதைவிட நல்ல ஆளை நான் எங்க போய்த் தேடறது? நாளைக்கே சார்ஜ் எடுத்துக்கங்க."

மேனேஜர் அதே கோலத்தில் பைக்கில் ஏறிப் போனார். தெருவே நின்று பார்த்தது. ஸ்டோர்த் தலைவர் மனைவி விலங்கு மாட்டிவிட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தானே சாமர்த்தியமாகப் பதவி வாங்கியதாக நாளைக்கு ஆபீசில் எப்படிச் சொல்வது என்று யோசித்தார்.

மனைவி பரணிலிருந்து போர்வையின் மீதிப் பாதியை இறக்கி அவர் முன்னால் போட்டாள்.

"பதவி கிடைக்காம அந்தக் கணக்குப் பிரிவுக்காரர் மனசொடிஞ்சு கிடப்பாரு. அவருக்கும் ஏதாவது பின்னணும். கையை நீட்டுங்க, விலங்கை அவுத்து விடறேன். பிரிச்சு முடிச்சதும் மறுபடி நீங்களே மாட்டிக்கங்க."