பதினான்கு படிகளில் பிரேக்

பொறியியல் படித்து முடித்த முதல் வருடம் பலருக்கும் ஒரு வியாதி வரும். வீட்டில் எது ரிப்பேரானாலும் மெக்கானிக்கைக் கூப்பிட விடமாட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் வந்தது.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் பழைய செடான் கார் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதன் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்தது. அம்மா டெய்லர். மறுநாள் காலை பதினோரு மணிக்குள் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணப் பெண்ணிடம் முகூர்த்த ஜாக்கெட்டைச் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கல்யாண ஆர்டர் அது. சொதப்பினால் அதுவே கடைசி.

“மெக்கானிக் மஸ்தான் பாயைக் கூப்பிடறேன்,” என்றார் அத்தா. (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

“பிரேக் லைன்ல காத்து புகுந்திருக்கு, அவ்ளோதான். வெளியே எடுத்தா முடிஞ்சுது. நானே பண்றேன்.”

“இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கியா?”

“பரீட்சையில எழுதியிருக்கேன்.” (பதினாறு மார்க் கேள்வி. பதினான்கு வாங்கினேன்.)

ஏ4 தாளில் பதினான்கு படிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட ஒரு கட்டம் வரைந்தேன். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அத்தாவுக்கு முழங்கால் வலி. எனவே மிதிப்பது அம்மா.

“மிதிமா!”

இருபது வருடம் தையல் மெஷின் மிதித்த கால். சீராக, நிற்காமல், டக் டக் டக் என்று மிதித்தது. திருகிலிருந்து எண்ணெய் குமிழி குமிழியாக வந்தது. (குமிழி முழுக்க நிற்க வேண்டும் என்பது பத்தாவது படி. ‘குறைந்த மாதிரி இருக்கிறது’ என்று நினைத்து டிக் போட்டேன்.)

“இன்னும் எவ்ளோ நேரம்டி ஷெரின்? இந்நேரம் ரெண்டு ஜாக்கெட் தைச்சிருப்பேன்!”

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். நின்றது. பதினான்காவது டிக்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் கிளம்பினோம். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றது. மேடவாக்கத்தில் கொஞ்சம் யோசித்து நின்றது. பெரும்பாக்கத்தில் முன்னால் போன டெம்போ சட்டென்று நிற்க, நான் மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. வண்டி எந்தக் கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“பிரேக் போடுடி!”

“போட்டுட்டேன்மா!”

“இதுதான் போட்டதா?”

கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடது பக்கம் ஒரு காலி மனையில் கொட்டியிருந்த மணலைத் தேர்ந்தெடுத்தேன். (நான் கண்ணை மூடிக்கொண்டதாக அம்மா சொல்கிறார்.) கார் பாதிக் குவியல் ஏறி, வானத்தைப் பார்த்தபடி நின்றது. அம்மா ஜாக்கெட் கவரை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

மனையிலிருந்த கொத்தனார் நிதானமாக வந்து பார்த்தார்.

“இன்னாம்மா, மணலு மேல ஏறி குந்திகினு கீற? லோடு எறக்க வந்தியா?”

அம்மா கவரோடு இறங்கினார். எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தி, “கேளம்பாக்கம் வருமா?” என்றார். ஏறும்போது என்னைப் பார்த்து, “நீ உன் லிஸ்டோட இரு.”

அத்தாவுக்கு மிஸ்டு கால் கொடுத்து, அவர் திரும்பக் கூப்பிட்டதும் விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் மஸ்தான் பாய் மொபெட்டில் வந்தார். டேஷ்போர்டில் இருந்த தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

“பாப்பா, மிதின்னு எழுதிகீற. விடுன்னு எழுதிகீற. திருகை மூடற வரிக்கும் காலை எடுக்காதன்னு எங்க எழுதிகீற?”

“அது எல்லாருக்கும் தெரியுமே பாய்...”

“மிதிச்ச அக்கா இன்னா இன்ஜினியரா?”

திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போகும். ஆக, நாங்கள் காற்றை எடுக்கவில்லை. பதினான்கு டிக்குகளுடன், முறைப்படி, புதிதாக ஏற்றியிருந்தோம்.

அம்மா பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார். ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்தியதாம். அந்தக் கல்யாண மண்டபத்திலிருந்தே ஐந்து ஆர்டர்கள் வந்தன. டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஐந்து பேருக்கும் என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அளவெடுத்தார்.

பிறகு அந்த மனையில் வீடு எழும்பியது. மூன்று மாடி, கிரானைட் வாசல், சுவரில் கீறல் கிடையாது. அதே பக்கம் என் சின்னம்மாவும் குடிவந்தார். இன்றைக்கும் யாராவது அவர் வீட்டுக்கு வழி கேட்டால் அத்தா சொல்வார்: “மேடவாக்கம் தாண்டி நேரா வா. ஷெரின் இடிச்ச வீடு வரும். அதுக்கு அடுத்த லெஃப்ட்.”

நான் இடித்தபோது அங்கே வீடே கிடையாது என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை.