சாட்சி சொல்லப் போன வேட்டி

ஓசூரில் புகையோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆம்பளை என் வீட்டில் வாடகைக்கு இருந்த வேட்டிக்காரர்தான். மூன்றாம் கிளாஸ் தாண்டாமல், கெலமங்கலம் சந்தையில் தக்காளிக்கூடை தூக்கி, இன்று லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவன் நான். எத்தனையோ கிறுக்கனைப் பார்த்தாச்சு. இவர் எல்லாருக்கும் தலைவர்.

எங்கள் தெருவைச் சுற்றி மூன்று கம்பெனி. புகார் போனால் ஆபீசர் வருவார், ஒவ்வொரு கேட்டிலும் புகை அளக்கிற மிஷின் வைப்பார், "அளவுக்குள்ளதான் இருக்கு" என்பார்.

வேட்டிக்காரர் பாய்வார்: "தனித்தனியா மூணு பேரும் யோக்கியன்தான் சார்! என் பொண்டாட்டி நெஞ்சுக்குள்ள மூணு பேரும் ஒண்ணாத்தானே குடியிருக்கானுங்க!"

அவர் மனைவி ரத்னம்மாவுக்கு வீசிங்.

ஒருநாள் புது வெள்ளை வேட்டி வாங்கி என் மொட்டைமாடிக் கயிற்றில் கொடி மாதிரி கட்டினார். அவிழ்க்கவே இல்லை. கருப்பு, பழுப்பு, நடுவில் மஞ்சள் என்று அதுக்கு ஒரு நிறம் வந்தது பாருங்கள், எந்தப் பெயிண்ட் கடையிலும் கிடைக்காது.

"யோவ், என்னய்யா இது பேய்க்கொடி? வீடு பார்க்க வர்றவன் ஓடுறான்!"

"அது சாட்சி ஓனரே. பத்திரம்!"

நாலாவது கம்பெனி வரப்போவதாகக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்பு கூட்டம். சாட்சியை எடுக்க மாடிக்குப் போனால் வெறும் கயிறு. கீழே ஓடிவந்தார். கட்டில்மேல் சோப்பு, நீலம், கஞ்சி எல்லாம் போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது வேட்டி.

"ஆபீசருங்க முன்னாடி அழுக்கோட போனா எம்மானம் என்னாவறது?" என்றாள் ரத்னம்மா.

வேறு வழியில்லாமல் அதையே கட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் மாப்பிள்ளை மாதிரி மின்னினார்.

"பெரியவரே, புகைங்கிறீங்க, உங்க வேட்டியே பளபளன்னு இருக்கே!" என்றார் ஆபீசர். மண்டபமே சிரித்தது. வேட்டிக்காரர் குனிந்து தன் வேட்டியையே பார்த்தார்.

பின்னாலிருந்து ரத்னம்மா வந்து மைக்கைப் பிடுங்கினாள். "நாந்தான் சார் தொவச்சேன். எத்தன தண்ணி மாத்தியும் கருப்பாவே..." அவ்வளவுதான். இருமல் பிடித்துக்கொண்டது. மைக்கை விடாமல் இருமினாள். எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து இருமின. யாரும் சிரிக்கவில்லை.

ஆபீசர் தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டிவிட்டு, தன் ஆட்களிடம் சொன்னார்: "மொதல்ல இவங்க தெருவுல மிஷினை வைங்க. மொத்தமா எவ்வளவுன்னு பார்ப்போம். நாலாவதை அப்புறம் பேசலாம்."

மிஷின் இப்போது என் மாடியில்தான் இருக்கிறது. அதைத் தாங்க என் மாடியை விட்டால் ஓசூரில் வேறு மாடி ஏது!

வேட்டிக்காரர் ரத்னம்மாவை அழைத்துக்கொண்டு பாரூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஏரிக்காத்து ஒத்துக்கொள்கிறதாம். வீடு காலியானால் அன்றைக்கே போர்டு மாட்டுகிறவன் நான். அந்த வீட்டை மட்டும் யார் வந்து கேட்டாலும், "ஆள் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.